தாத்தா வச்சிருந்த பாக்கெட் வாட்ச் எங்க பிறந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மதுரைப் பக்கம் பழைய வீடுகள்ல, அதுலயும் ரயில்வே குடும்பம், மில்லு குடும்பம்னா, டிரங்க் பெட்டி அடியில ஒரு பாக்கெட் வாட்ச் கிடக்கும், கூடவே "துரை குடுத்தது"ன்னு ஒரு கதையும் இருக்கும். கதை உண்மையாவும் இருக்கலாம். ஆனா அந்த வாட்ச்சே தன்னைப் பத்தி நிறைய எழுதி வச்சிருக்கு, எங்க பாக்கணும்னு தெரிஞ்சாப் போதும்.

எல்லாரும் முதல்ல பாக்குறது டயல்ல இருக்கிற பேரை, என்னைக் கேட்டா அதைத்தான் கடைசியா நம்பணும். நம்ம ரோட்டுல ஓடுற லாரியையே எடுத்துக்கங்க, சேசிஸ் ஒரு கம்பெனியோடது, பாடி கட்டுனது நாமக்கல்ல, நெத்தியில எழுதியிருக்கிறது ஓனர் பேரு. பழைய வாட்ச்சும் அப்படித்தான். டயல்ல பாதி நேரம் இருக்கிறது வித்த கடை பேரு, மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ்னு இருந்தா மெட்ராஸ்ல செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, அங்க வித்ததுன்னுதான் அர்த்தம். வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தான்னு போட்டிருந்தாலும் உள்ள ஓடுறது சுவிஸ் மெஷின்தான்.

அதனால பின்மூடியைத் திறக்கணும். விளிம்பைச் சுத்தி நகத்தை ஓட்டிப் பாத்தா ஒரு இடத்துல சின்ன உதடு மாதிரி தட்டுப்படும், அங்கதான் நெம்பணும், சிலது திருகுற மூடி. கத்தியை வச்சுக் குத்தாதீங்க, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எந்த வாட்ச் ரிப்பேர் அண்ணன்கிட்டக் குடுத்தாலும் ஒரு நிமிஷத்துல திறந்து குடுத்துருவாரு.

மூடியோட உள்பக்கத்துல குட்டிக் குட்டியா முத்திரை குத்தியிருக்கும். நடக்குற சிங்கம் இருந்தா இங்கிலாந்துல சோதிச்ச ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு. பக்கத்துல நங்கூரம் இருந்தா பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தா லண்டன், வாளும் மூணு கோதுமைக் கட்டும் இருந்தா செஸ்டர். அதோட தனியா ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, அதுதான் வருஷம், வருஷத்துக்கு ஒரு எழுத்துன்னு மாத்திக்கிட்டே போவாங்க, ஒரு சுத்து முடிஞ்சா எழுத்தோட ஸ்டைலையும் சுத்தியிருக்கிற கட்டத்தோட வடிவத்தையும் மாத்துவாங்க, அதனால எழுத்தை மட்டும் பாத்துட்டுக் கட்டத்தைப் பாக்காம விட்டா 20, 25 வருஷம்கூடத் தப்பிப் போயிரும். சுவிஸ் வெள்ளின்னா வேற கணக்கு: 1880ல போட்ட சட்டப்படி 800 வெள்ளிக்கு ஒரு காட்டுக்கோழி, 875க்கு ஒரு கரடி. மூணு கரடி இருந்தா 935, பிரிட்டிஷ் சந்தைக்காக 1887க்கு அப்புறம் வந்த முத்திரை அது.

மஞ்சளா மின்னுற கேஸ்ல, அதாவது வெளிக்கூட்டுல, "10 வருஷம், 20 வருஷம் உழைக்கும்"னு கியாரண்டி போட்டிருந்தா அது தங்கம் இல்ல, மேல தங்கத் தகடு போர்த்தினது. முழுத் தங்கத்துக்கு யாரும் வருஷக் கெடு வைக்க மாட்டாங்க.

இதெல்லாம் கேஸோட ஜாதகம் மட்டும்தான். மெஷினோடது இன்னும் உள்ள இருக்கு. முன்னும் பின்னும் ஆடுற பேலன்ஸ் வீலுக்கு மேல வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஊசி இருக்கும், அதோட ரெண்டு பக்கமும் ஏ, ஆர்னு மட்டும் இருந்தா பிரெஞ்சு பேசுற ஊர்ச் சரக்கு, பெரும்பாலும் சுவிஸ். எஃப், எஸ்னு இருந்தா இங்கிலாந்து, அமெரிக்கா, இல்லாட்டி அவங்களுக்குன்னே செஞ்ச சுவிஸ். டிக் டிக்னு ஒவ்வொரு பல்லா நகர்ற எஸ்கேப் வீலோட பல்லையும் ஐகிளாஸ் வச்சுப் பாருங்க, கூரா ஊசி மாதிரி இருந்தா பழைய இங்கிலீஷ் லீவர், நுனி தடிச்சு பூட்ஸ் மாதிரி இருந்தா சுவிஸ் முறை. அமெரிக்க வால்தம், எல்ஜின் கிடைச்சா அதிர்ஷ்டம்தான், மெஷின்ல இருக்கிற சீரியல் நம்பரை வச்சே எந்த வருஷம் செஞ்சதுன்னு ஏறக்குறைய சொல்லிரலாம், பட்டியல் எல்லாருக்கும் கிடைக்குது. கேஸ்லயும் ஒரு நம்பர் இருக்கும், அதை எடுத்துத் தேடாதீங்க.

கேஸ் சொல்ற வருஷமும் மெஷின் சொல்ற வருஷமும் ஒத்துப் போகலையா? பயப்பட வேண்டாம், காசு முடைக்குத் தங்கக் கேஸை உருக்கிட்டு மெஷினை வேற கூட்டுக்குள்ள போட்டது எல்லா ஊர்லயும் நடந்திருக்கு.

ரயில் எஞ்சின் படம் போட்டிருந்தா மட்டும் ரயில்வே வாட்ச் ஆயிராது. ராஸ்கோப்னு ஒரு வாட்ச் செய்றவர் 1867ல ஏழைபாழைகளுக்காகக் கொண்டுவந்த மலிவு சுவிஸ் மெஷினைப் பாத்து எக்கச்சக்கமாச் செஞ்ச வாட்ச்கள்ல இந்தப் படம் சாதாரணம், அதுல எஸ்கேப் வீல் பல்லைத் தடுத்துத் தடுத்து விடுற பேலட்டுக்குக் கல்லுக்குப் பதிலா எஃகு ஊசிதான் இருக்கும். மதுரைக்கு ரயில் வந்தது 1875ல. உங்க வாட்ச் 1905க்கு முந்தினதுன்னா அது அன்னைக்கு இங்க காட்டுன ரயில் நேரம் மெட்ராஸ் டைம், இப்ப நாம பாக்குற நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிஷம் பின்னாடி. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

டயல்ல நம்பர் எல்லாம் பழுப்புப் பூச்சா, கட்டியா இருந்தா கண்ணாடியைக் கழட்டவே கழட்டாதீங்க. அது இருட்டுல ஒளிரணும்னு பூசின ரேடியமா இருக்கலாம், ஒளி செத்துப் போயிருக்கும், ஆனா ரேடியம் பாதியாக் குறையவே 1600 வருஷம் ஆகும், தூள் மூச்சுல போகக் கூடாது.

இன்னொண்ணு, மூடிக்கு உள்ள ஊசியால கீறின மாதிரி நம்பரும் தேதியும் இருக்கும், ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்ணும்போதும் ரிப்பேர்காரங்க போட்ட குறிப்பு அது. அதுல இருக்கிற பழைய தேதியிலயே வாட்ச் ஓடிக்கிட்டு இருந்திருக்குன்னு தெரிஞ்சிரும். நகைக்கடை இருக்கிற தெற்காவணி மூல வீதிக்குக் கொண்டுபோய் பாலிஷ் போட்டா முதல்ல அழியிறது இந்தக் கீறல்தான், அடுத்து முத்திரை. அதனால பாலிஷ் வேண்டாம், போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு மூடி, மெஷின், ரெண்டு நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.