பச்சைத் தோலுக்குள் பழுத்த தோடை

மட்டக்களப்புச் சந்தையில் தோடம்பழக் குவியலுக்கு முன்னால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “என்ன தம்பி, எல்லாம் காயாக் கிடக்கு?” வியாபாரி ஒன்றை வெட்டிக் காட்டுவார். உள்ளே சாறு ததும்பும், இனிப்பும் குறைவிருக்காது. தோல் மட்டும்தான் பச்சை. பக்கத்துப் பெட்டியில் வெளிநாட்டுத் தோடை செம்மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் இரவுக் குளிர். தோடையின் தோலில் பச்சையமும் மஞ்சள், செம்மஞ்சள் தரும் கரோட்டினொயிட்டுகளும் உண்டு. இரவில் வெப்பநிலை 13, 14 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் நாடுகளில் பச்சையம் சிதைந்துபோகும், மற்ற நிறங்கள் பெருகி வெளியே தெரியும். நம்முடைய கரையோரத்தில் மார்கழி மழைக்காலத்திலும் இரவு 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதனால் பச்சையம் எளிதில் விட்டுக்கொடுக்காது. செங்கலடியிலிருந்து மகாஓயா வழியாகப் போனால் வரும் பிபிலையின் பேர்போன தோடையும் பச்சை கலந்த மஞ்சளாகத்தான் பழுக்கிறது.

உள்ளே நடப்பது வேறு கதை. ஒரு சுளையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளமான சின்னச் சின்னச் சாற்றுப் பைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பூவாக இருந்தபோது சூலகத்தின் உட்சுவரில் முளைத்த மயிர்கள்தான் இப்படிச் சாறு நிரம்பிப் பருத்திருக்கின்றன. இலைகள் செய்யும் சர்க்கரை இங்கேதான் வந்து சேர்கிறது. கூடவே, சேமித்திருந்த, புளிப்புத் தரும் சித்திரிக்கமிலம் சுவாசத்தில் செலவாகிக் குறைகிறது. வெப்பம் கூடினால் அது இன்னும் வேகமாகக் குறையும். அதனால்தான் சூடான ஊர்ப் பழத்தில் புளிப்பு குறைவு.

தோல் நிறமும் உட்பழுப்பும் தனித்தனி என்பதற்கு வலென்சியா தோடை நல்ல சாட்சி. குளிரில் செம்மஞ்சளாகிப் பழுத்த பழத்தை மரத்திலேயே விட்டுவைத்தால், வெயில் காலம் வந்ததும் தோல் திரும்பப் பச்சையாகும். பழமோ இன்னும் இனித்துக்கொண்டே போகும். பெரிய ஏற்றுமதியாளர்கள் பலர் பச்சைப் பழத்தை எதிலீன் வாயு கொஞ்சம் கலந்த அறையில் வைத்து நிறம் மாற்றுகிறார்கள். அதில் தோல் மஞ்சளாகுமே தவிர, உள்ளே ஒரு துளி சர்க்கரையும் கூடாது.

வாழை, மாம்பழம் மாதிரித் தோடையைப் பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது. இனிப்பு முழுவதும் மரத்தில் இருக்கும்போதே ஏற வேண்டும். முற்றாமல் பறித்ததை எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புத்தான். சரி, சந்தையில் எதைப் பார்த்து எடுப்பது? கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவான இரண்டில் கனமானதில் சாறு கூட இருக்கும். தோல் சொரசொரப்புக் குறைந்து மெல்லிசாக இருந்தால் பச்சையாக இருந்தாலும் பயமில்லாமல் எடுக்கலாம்.