இடைவேளையைப் பிடுங்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு நோட்டு வந்தது. ஒன்றாம் வகுப்பு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை: முடிக்கவில்லை, உட்காருவதில்லை, கவனம் போதாது. கடைசியில் ஒரு குறிப்பு, போர்டில் உள்ளதை எழுதி முடிக்கும்வரை இடைவேளைக்கு வெளியே அனுப்புவதில்லை என்று. "ஏ.டி.எச்.டி.யா மேடம்?" என்று அம்மா கேட்டார், கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த அந்தக் கோளாறா என்று. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் என் மேஜைக்கடியில் இருந்தான்.

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளராக இருக்கும் எனக்கு இந்த நோட்டு மனப்பாடம். பையன் மாறுவான், மை மாறும், தண்டனை மட்டும் அதேதான். காலையிலிருந்து உட்கார்ந்து நெளிகிறவனிடமிருந்து, அவன் எழுந்து ஓடக்கூடிய ஒரே இருபது நிமிடத்தையும் பறித்துவிடுகிறோம். மதியம் அவன் இன்னும் அதிகமாக நெளிவான். அதற்கு இன்னொரு குறிப்பு வரும். இப்படிச் செய்து எழுத்து திருந்திய பையன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

இது என் சொந்தக் கோபம் மட்டும் இல்லை. தண்டனைக்காகவோ, விட்டுப்போன பாடத்தை முடிப்பதற்காகவோ இடைவேளையை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2013-லேயே கொள்கை அறிக்கை வெளியிட்டுவிட்டது. 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிட இடைவேளை வழக்கம். ஒன்றாம் வகுப்பே அங்கே ஏழு வயது ஆகும் ஆண்டில்தான். நாம் ஐந்து வயதில் பென்சிலைக் கொடுத்துவிட்டு ஆறு வயதில் புகார் எழுதுகிறோம்.

நோட்டைத் திறப்பதற்கு முன்னால் நான் பிறந்த தேதியைக் கேட்பேன். பல பெற்றோருக்கு இது விசித்திரமாக இருக்கும், ஜாதகமா பார்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டே விட்டார். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் வித்தியாசம் இருக்கும். ஆறு வயதில் ஒரு வருடம் என்பது அவன் வாழ்ந்ததில் ஆறில் ஒரு பங்கு. செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பினால்தான் சேர்க்கை என்ற விதி உள்ள அமெரிக்க மாநிலங்களின் தரவுகளை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த விதிப்படி ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சிறியது, செப்டம்பரில் பிறந்தது மூத்தது. ஏ.டி.எச்.டி. என்று முத்திரை வாங்கியவர்கள், செப்டம்பர் பிள்ளைகளில் 10,000-க்கு ஏறத்தாழ 64 பேர். ஆகஸ்ட் பிள்ளைகளில் 85 பேர். பிறந்த மாதத்தால் யாருக்கும் நோய் வராது. சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக நடந்துகொண்டதை நாம் நோயாகப் படித்திருக்கிறோம். மேஜைக்கடியில் இருந்தவனும் தன் வகுப்பில் கடைக்குட்டிதான்.

அடுத்தது கை. பிறக்கும்போது மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடிய ஏறத்தாழப் பத்து வயதாகிவிடும். இதில் பெண் பிள்ளைகள் சராசரியாக முந்திக்கொள்வார்கள், பையன்கள் பின்தங்கி வருவார்கள். எலும்பு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, தோளும் விரல்களும் கண்ணும் சேர்ந்து பழக வேண்டும். வட்டத்தைப் பார்த்து வரைய மூன்று வயது, கூட்டல் குறிக்கு நான்கு, முக்கோணத்துக்கு ஐந்து என்பது எங்கள் தோராயக் கணக்கு. சாய்கோடு போட வராத கையிடம் எழுத்தைக் கேட்டால் எங்கிருந்து வரும்? எழுத்துகளை வலம் இடமாகத் திருப்பிப் போடுவதும் ஏழு வயதுவரை சகஜம். அதைப் பார்த்ததும் டிஸ்லெக்ஸியா (வாசிப்புக் குறைபாடு) என்று கூகுளில் தேடிவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள்.

போர்டைப் பார்த்து எழுதுவதைப் பெரியவர்கள் சும்மா காப்பி அடிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். அந்த வயதுக்கு அதுதான் வகுப்பிலேயே கடினமான வேலை: நிமிர்ந்து பார்த்து, மனதில் பிடித்து, குனிந்து எழுதி, மறுபடி விட்ட இடத்தைத் தேட வேண்டும். அதே வரியை ஒரு காகிதத்தில் எழுதி அவன் மேஜை மேலேயே வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அன்றே குறையும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பதில் வரும். கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. "போனைக் கொடுத்தால் ரெண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே மேடம். அப்போ கவனம் இருக்குதானே? வேண்டுமென்றேதான் எழுத மாட்டேன் என்கிறான்."

இல்லை. இல்லவே இல்லை. போன் முன்னால் உட்காரும்போது அவன் கவனத்தைச் செலுத்துவதில்லை, போன் அதை இழுத்து வைத்துக்கொள்கிறது. சில நொடிக்கு ஒரு முறை படம் மாறுகிறது, சத்தம் மாறுகிறது. சரியாகத் தொட்டால் அந்த நொடியே பரிசு. தப்பாகத் தொட்டால் திட்டு இல்லை, சிவப்பு மை இல்லை, மறுபடி விளையாடலாம். நோட்டில் இதில் எதுவுமே கிடையாது. அங்கே கவனத்தைத் தேடிப் பிடிப்பதும், நழுவும்போது திரும்ப இழுத்து வருவதும் முழுக்க அவன் வேலை. அந்தத் திறமை ஐந்தாறு வயதில் இப்போதுதான் முளைவிடுகிறது, முற்ற இன்னும் பல வருடம் ஆகும். நகரும் படிக்கட்டில் மேலே போனவனைக் காட்டி, "இவனுக்குத்தான் மாடி ஏறத் தெரியுமே, இப்போது ஏன் மூச்சு வாங்குகிறான்?" என்று கேட்பது மாதிரி இருக்கிறது உங்கள் வாதம். போனில் உட்காருகிறான் என்பதை வைத்து அவனுக்குக் கவனக் கோளாறு இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, திமிர் என்று சொல்லவே முடியாது. அதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: போனைச் செய்தவர்கள் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள்.

இதன் மறுபாதியும் தப்புதான். அசையாமல் உட்கார்ந்தால் கவனிக்கிறான், அசைந்தால் கவனிக்கவில்லை என்று யார் சொன்னது? கதை சொல்லிக்கொண்டே போய்ப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். நாற்காலியில் தலைகீழாகத் தொங்குகிறவன் டக்கென்று பதில் சொல்வான். கை கட்டி உட்கார்ந்திருக்கும் சமர்த்துப் பிள்ளை முழிக்கும். அந்தச் சமர்த்துப் பிள்ளையை ஒருவரும் என்னிடம் அனுப்புவதில்லை என்பது வேறு கவலை. அது பெரும்பாலும் பெண் பிள்ளையாக இருக்கும், மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள்.

அதற்காக "பையன் என்றால் அப்படித்தான்" என்று கையை விரிக்கவும் வேண்டாம். பையன்களுக்கும் பெண்களுக்கும் நான் சொன்ன வித்தியாசமெல்லாம் சராசரி வித்தியாசம். இரண்டு பையன்களுக்கு இடையே உள்ள தூரம் பல நேரம் அதைவிடப் பெரியது. மணிக்கணக்கில் உட்கார்ந்து வரையும் பையனும் உண்டு, மரத்தை விட்டு இறங்காத பெண்ணும் உண்டு. 'ஆண் பிள்ளையின் மூளை உடல் வழியேதான் கற்கும்' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டறை நடத்துகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்து, கேட்டு, செய்து என்று ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால்தான் ஏறும் என்ற எண்ணத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே உளவியலாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சரி, என்ன செய்யலாம்? எழுத உட்காரும் முன் ஐந்து நிமிடம் உடம்புக்கு வேலை கொடுங்கள்: சுவரைத் தள்ளட்டும், நண்டு நடை நடக்கட்டும், கனமான புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கட்டும். எழுத்தைச் சுவரில் ஆரம்பியுங்கள். நின்றுகொண்டு செங்குத்தான பலகையில் எழுதும்போது தோளும் மணிக்கட்டும் தாமாகவே சரியான நிலைக்கு வரும். நீளமான பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, உடைந்த சாக்பீஸோ குட்டி க்ரேயானோ கொடுங்கள். இத்தனூண்டு துண்டை முழுக் கையால் பிடிக்க முடியாது, விரல்நுனி வேலை செய்தே ஆக வேண்டும். பென்சில் பிடிக்கு விற்கிற ரப்பர் உறைகளை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பத்து வரி மோசமாக எழுதுவதைவிட இரண்டு வரி நன்றாக எழுதினால் போதும் என்று நிறுத்துங்கள்.

அவனுக்குத் தெரியுமா என்ற கேள்வியையும் அவனுக்கு எழுத வருமா என்ற கேள்வியையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். பாடத்தை வாய்மொழியாகக் கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். டீச்சர்களுக்கு இது கூடுதல் வேலை என்று எனக்குத் தெரியும், நாற்பது பேரை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் செய்ய முடியாது. வாரத்துக்கு ஒரு முறை, அதிகம் சிவப்பு மை வாங்குகிற இரண்டு மூன்று பேருக்காவது செய்து பாருங்கள்.

வாசிப்பிலும் பையன்கள் சராசரியாகப் பின்தங்குகிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் 'பிர்ல்ஸ்' என்ற சர்வதேசத் தேர்வில் 2016-இல் 50 நாடுகள் கலந்துகொண்டன. 48 நாடுகளில் பெண் பிள்ளைகளின் சராசரி அதிகம், பையன்கள் முந்திய நாடு ஒன்றுகூட இல்லை. வீட்டில் வாசித்துக் காட்டுவது, டைரி பார்ப்பது, ஹோம்வொர்க்குக்குக் கத்துவது எல்லாமே அம்மா என்றால், வாசிப்பு தன்னைப் போன்றவர்கள் செய்கிற காரியம் இல்லை என்று அவன் முடிவுகட்டினால் ஆச்சரியமில்லை. அப்பாக்களே, பத்து நிமிடம் போதும். நீதிக்கதைதான் என்றில்லை. டைனோசர், லாரி, பாம்பு, உலகச் சாதனைப் பட்டியல், படக்கதை, எதுவானாலும் வாசிப்புதான்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். சளி பிடித்தபின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மந்தமாகிவிடும். வீட்டில் அதற்குப் பெயர் கூப்பிட்டால் திரும்பாத கொழுப்பு. சிவப்பு பச்சை பிரித்தறியாத நிறக்குறைபாடு பையன்களுக்குத்தான் மிக அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். "பச்சைக் கட்டத்தில் எழுது" என்று சொல்லிவிட்டு அவனைச் சோம்பேறி என்காதீர்கள். தூக்கம் இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடுகிற பிள்ளை பகலில் துறுதுறுவென்று இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், என்னிடம் அப்புறம் வரலாம்.

உண்மையிலேயே எப்போது வர வேண்டும்? கவனக்குறைவோ துறுதுறுப்போ ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி, அவன் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மிக அதிகமாக இருந்தால் வாருங்கள். ஏழு வயதாகியும் எழுத்தும் ஒலியும் சேராவிட்டால், வெளியாட்களுக்குப் பேச்சு புரியாவிட்டால், முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனால் தள்ளிப்போடாதீர்கள். கடைசியாகச் சொன்னதற்குக் காத்திருக்கவே கூடாது.

வரும்போது பள்ளி நோட்டோடு, யாரும் சொல்லாமல் அவனாக வரைந்தது, கட்டியது ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். ஊசி போடுவார்கள் என்று பயமுறுத்தி அழைத்து வராதீர்கள், அந்தப் பயத்தைப் போக்கவே எனக்கு அரை மணி நேரம் போகிறது. புகார்களை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்துவிடுங்கள், நான் படித்துக்கொள்கிறேன். அவனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டாம்.