ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள்: கலிபோர்னியாவின் திரும்ப அழைக்கும் தேர்தல் இயங்கும் விதம்

2018 ஜூன் 5 அன்று, கலிபோர்னியா மாநில மேலவையின் 29-ஆம் தொகுதி வாக்காளர்களிடம் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. உறுப்பினர் ஜோஷ் நியூமனைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. அழைத்துவிட்டால் அந்த இடத்துக்கு யார் வர வேண்டும் என்பது இரண்டாம் கேள்வி. முதல் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சுமார் 66 ஆயிரம் பேர் வாக்களித்தனர். ‘வேண்டும்’ என்றவர்கள் அதைவிட அதிகம் என்பதால் நியூமன் பதவியிழந்தார். அவர் இடத்தைப் பிடித்த லிங் லிங் சாங், 2016 தேர்தலில் அவரிடமே நூலிழையில் தோற்றவர். அவர் இம்முறை பெற்றது சுமார் 50 ஆயிரம் வாக்குகள். தொடர வேண்டும் என்று 66 ஆயிரம் பேர் சொன்னவர் வெளியேறினார். வர வேண்டும் என்று 50 ஆயிரம் பேர் சொன்னவர் உள்ளே வந்தார். எண்ணிக்கையில் பிழையோ முறைகேடோ இல்லை. விதி எழுதப்பட்டபடியே வேலை செய்ததன் விளைவுதான் இது.

திரும்ப அழைக்கும் தேர்தலை அடியோடு ஒழித்துவிட வேண்டுமா என்ற விவாதம் அமெரிக்காவில் அவ்வப்போது எழுகிறது. அதற்கு விடை தேடும் முன் அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அதன் எல்லாப் பாகங்களும் பழுதானவை அல்ல.

அமெரிக்க அதிபரையோ நாடாளுமன்ற உறுப்பினர்களையோ இந்த முறையில் நீக்க முடியாது. மாநில அளவிலான பதவியாளர்களுக்கு எதிராக 19 மாநிலங்கள் இதற்கு இடமளிக்கின்றன. முதலில் ஏற்றது 1908-இல் ஓரிகன். கலிபோர்னியா 1911 அக்டோபரில், ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் ஏற்றது. (அங்கே ஆளுநர் என்பவர் நம் மாநில ஆளுநர்போல நியமிக்கப்படுபவர் அல்லர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், ஏறத்தாழ முதல்வருக்கு இணையான ஆட்சித் தலைவர்.) மாநில அரசியலையே தன் சட்டைப்பையில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தின் பிடியை உடைப்பதே ஜான்சனின் நோக்கம். விலைபோன சட்டமன்றம், விலைபோன ஒருவரைத் தானாக நீக்காது. ஆகவே நீக்கும் அதிகாரம் மக்களிடமே இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் வாதம்.

இந்த யோசனை அன்றே பலரை அச்சுறுத்தியது. நீதிபதிகளையும் மக்கள் திரும்ப அழைக்கலாம் என்று அரிசோனாவின் அரசமைப்பு வரைவில் இருந்ததால், அதை மாநிலமாக ஏற்கும் தீர்மானத்தை அதிபர் டாஃப்ட் 1911 ஆகஸ்டில் தடுத்து நிறுத்தினார். அரிசோனா அந்தப் பிரிவை நீக்கியது. 1912 பிப்ரவரி 14 அன்று மாநிலமானது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பிரிவை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

கலிபோர்னியாவில் ஓர் ஆளுநரை நீக்க விரும்புவோர், அப்பதவிக்கான கடந்த தேர்தலில் பதிவான மொத்த வாக்குகளில் 12 விழுக்காட்டுக்கு இணையான கையொப்பங்களை 160 நாட்களுக்குள் திரட்ட வேண்டும். அவை குறைந்தது ஐந்து கவுன்டிகளிலாவது (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) பரவியிருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், மேல்முறையீட்டு, விசாரணை நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இந்த அளவு 20 விழுக்காடு. மனுவில் ஒரு காரணம் குறிப்பிடப்பட வேண்டும், ஆனால் அது போதுமான காரணமா என்று யாரும் ஆராய முடியாது என்று அரசமைப்பே சொல்கிறது. கையொப்பங்களை வாக்காளர் பதிவேட்டில் உள்ளவற்றுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது கவுன்டித் தேர்தல் அலுவலர்களின் வேலை. கையொப்பமிட்டவர்கள் மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சில வார அவகாசமும் உண்டு. 2021-இல் ஆளுநர் கேவின் நியூசமுக்கு எதிரான மனுவில் செல்லுபடியான 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களிலிருந்து விலகியவர்கள் 43 பேர்.

12 விழுக்காடு என்பது கேட்பதற்கு ஓரளவு உயரமான தடையாகத் தோன்றும். 2018 ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகள் ஏறக்குறைய 1.25 கோடி, அதன் 12 விழுக்காடு 14,95,709. அதே தேர்தலில் நியூசமிடம் தோற்ற ஜான் காக்ஸ் பெற்ற வாக்குகள் 47 லட்சத்துக்கும் மேல். அதாவது, தோற்றவருக்கு வாக்களித்தோரில் மூவரில் ஒருவர் கையொப்பமிட்டாலே போதும். ஆளுநரின் ஆதரவாளர் ஒருவர்கூட மனம் மாற வேண்டியதில்லை. அப்படியானால் இந்த வரம்பு மக்களின் மனமாற்றத்தை அளக்கவில்லை. எதிர்த்தரப்பின் அமைப்பு வலிமையையும் பண பலத்தையும்தான் அளக்கிறது. 2003-இல் ஆளுநர் கிரே டேவிஸுக்கு எதிராகத் தேவைப்பட்டவை சுமார் 9 லட்சம் கையொப்பங்கள். அவற்றைத் திரட்டும் பணிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் டேரல் ஐசா தம் சொந்தப் பணத்தில் 15 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்த பிறகே அந்த முயற்சி வேகமெடுத்தது. கையொப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுக்கொண்டு கடை வாசல்களில் நிற்கும் ஆட்கள் அங்கே தனித் தொழிலாகவே உள்ளனர்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1913 முதல் 2021 வரை கலிபோர்னியாவில் மாநிலப் பதவியாளர்களுக்கு எதிராக நடந்த 179 முயற்சிகளில் வாக்குச்சீட்டு வரை சென்றவை 11. பதவி பறிபோனவை 6. இவ்வளவு குறைவாகத்தானே நடக்கிறது, கவலை எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பதினொன்றில் மூன்று 1913, 1914 ஆண்டுகளில் நடந்தவை. எஞ்சிய எட்டும் 1994 முதல் நடந்தவை. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் ஒன்றுகூட வாக்குச்சீட்டை எட்டவில்லை. இடைக்காலத்தில் ஆட்சியாளர்கள் அனைவரும் உத்தமர்களாக இருந்தார்கள் என்பதைவிட, கையொப்பம் திரட்டுவது பின்னாளில் ஒரு தொழிலாக வளர்ந்தது என்பதே எனக்கு ஏற்கத்தக்க விளக்கமாகப் படுகிறது.

இயந்திரத்தின் உண்மையான பழுது வாக்குச்சீட்டின் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. முதல் கேள்வியில் பதவியில் இருப்பவர் பாதிக்கு மேல் ஆதரவைப் பெற்றாக வேண்டும். இரண்டாம் கேள்வியில் பாதி என்ற நிபந்தனை கிடையாது. மற்றவர்களைவிட ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே வெற்றி. அந்தப் பட்டியலில் பதவியில் இருப்பவரின் பெயரே இடம்பெறக் கூடாது. ஒருவருக்கு ஓர் அளவுகோல், அவர் இடத்துக்கு வருபவருக்கு வேறோர் அளவுகோல். போட்டியாளர்கள் பெருகப் பெருக இந்த இடைவெளி விரியும். 2003-இல் டேவிஸின் இடத்துக்குப் போட்டியிட்டவர்கள் 135 பேர். 3,500 டாலர் கட்டணமும் 65 கையொப்பங்களும் இருந்தால் யாரும் களமிறங்கலாம் என்பது விதி. அன்று நடிகர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் பெற்ற சுமார் 42 லட்சம் வாக்குகள், டேவிஸ் தொடரட்டும் என்ற 40 லட்சத்தைச் சற்றே தாண்டியதால் முரண்பாடு வெளியே தெரியாமல் போயிற்று.

2021-இல் அது மீண்டும் எட்டிப் பார்த்தது. நியூசமை நீக்க வேண்டாம் என்று 61.9 விழுக்காட்டினர் வாக்களித்ததால் அவர் தப்பினார். ஆனால் அவருடைய கட்சி இரண்டாம் கேள்வியை வெற்றாக விட்டுவிடுமாறு தம் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டதால், வாக்களித்தோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதற்கு விடையளிக்கவில்லை. விடையளித்தவர்களில் வானொலித் தொகுப்பாளர் லாரி எல்டர் பெற்றது 48 விழுக்காடு. அந்தத் தேர்தலில் வாக்களித்த மொத்தப் பேரில் அது ஏறத்தாழ 28 விழுக்காடுதான். முதல் கேள்வி மட்டும் மயிரிழையில் எதிராகச் சாய்ந்திருந்தால், ஏறக்குறைய 50 விழுக்காடு ஆதரவுள்ள ஒருவர் வெளியேறி, 28 விழுக்காட்டினர் தேர்ந்தெடுத்தவர் மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய மாநிலத்தை ஆண்டிருப்பார். அந்தத் தேர்தலுக்கு அரசு செலவிட்ட தொகை ஏறத்தாழ 20 கோடி டாலர். வழக்கமான ஆளுநர் தேர்தலுக்கு இருந்ததோ ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலம்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. விஸ்கான்சினில் கடந்த ஆளுநர் தேர்தல் வாக்குகளில் 25 விழுக்காட்டை 60 நாட்களில் திரட்ட வேண்டும். அதன்பின் நடப்பது ஒரே கேள்வி கொண்ட சாதாரணத் தேர்தல், அதில் பதவியில் இருப்பவரும் ஒரு வேட்பாளர். அரசு ஊழியர் சங்கங்களின் உரிமைகளைக் குறைத்த ஆளுநர் ஸ்காட் வாக்கருக்கு எதிராக அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் குவிந்தன; ஆனால் 2012 ஜூன் தேர்தலில் அவர் 53 விழுக்காடு பெற்று நீடித்தார். திரும்ப அழைத்தல் பதவியில் முறைகேடு செய்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று அன்று வாக்களித்துவிட்டு வந்தவர்களில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டினர் கருத்துக்கணிப்பில் கூறினர். வாஷிங்டன் மாநிலம் அந்த எண்ணத்தையே சட்டமாக வைத்திருக்கிறது: முறைகேடு அல்லது பதவிப் பிரமாண மீறல் என்ற குற்றச்சாட்டு போதுமானதா என்று நீதிமன்றம் பார்த்த பிறகே அங்கே கையொப்பம் திரட்ட முடியும்.

ஒழிக்கச் சொல்வோரின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. நான்கு ஆண்டு என்று மக்கள் கொடுத்த தவணையை நடுவில் முறிக்கும் அச்சுறுத்தல் எப்போதும் தலைமேல் தொங்கினால், கசப்பான ஆனால் தேவையான முடிவுகளை எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். நியூமன் நீக்கப்பட்டதே எரிபொருள் வரி உயர்வுக்கு ஆதரவாக வாக்களித்ததை முன்னிறுத்தித்தான். இருப்பினும் ஒழித்துவிட்டால் எஞ்சுவது சட்டமன்றத்தின் பதவிநீக்க விசாரணை மட்டுமே; தன் கட்சிக்காரரைத் தானே விசாரிக்கச் சட்டமன்றத்துக்கு மனம் வராது என்ற 1911-ஆம் ஆண்டுச் சந்தேகத்துக்கு இன்னும் யாரும் நல்ல விடை சொல்லவில்லை. ஆகவே நீக்கும் உரிமையை விட்டுவைத்து, நீக்குவதையும் நிரப்புவதையும் பிரிப்பதே சரி என்பது என் கணிப்பு.

கலிபோர்னியா அந்தத் திசையில் நகரத் தொடங்கியிருக்கிறது. உள்ளாட்சிப் பதவிகளுக்கு இரண்டாம் கேள்வி 2022-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. மாநிலப் பதவிகளிலும் அதை நீக்கும் அரசமைப்புத் திருத்தம் சட்டமன்றத்தைக் கடந்து, 2026 நவம்பர் வாக்காளர்களின் முடிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதை முன்மொழிந்தவர் 2020-இல் லிங் லிங் சாங்கைத் தோற்கடித்து மேலவைக்குத் திரும்பிய அதே ஜோஷ் நியூமன். ஆனால் ஆளுநருக்கான 12 விழுக்காட்டு வரம்பில் அந்தத் திருத்தம் கை வைக்கவில்லை. தோற்றவரின் ஆதரவாளர்களில் மூவரில் ஒருவர் கையொப்பமிட்டால் தேர்தல் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.