எல்-குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ தேடிப் போவதில்லை. தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே செய்துகொள்கிறது. அந்த வேலையின் கடைசிப் படியை முடித்துக் கொடுக்கும் நொதிதான் எல்-குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ். பெயர் நீளம்தான், பிரித்துவிட்டால் பயமில்லை.

குலோஸ் ஒரு சர்க்கரை. ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர், குளுக்கோஸ் என்ற பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி அதற்குப் பெயர் வைத்தார். 'க்ளு' புரண்டு 'குல்' ஆனது. தனக்கென்று பொருளே இல்லாத சொல், அதைத் தமிழாக்க முயல்வது வீண். அந்தச் சர்க்கரையின் அமிலம் குலோனிக் அமிலம். அது ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து தனக்குள்ளேயே வளையமாக மூடிக்கொண்டால் குலோனோலாக்டோன்.

சரி, ஆக்சிடேஸ்? இங்கேதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 'ஆக்சிஜனேற்றி' என்று படித்ததும், ஆக்சிஜன் போய் ஒட்டுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். வாய்பாட்டைப் பாருங்கள்: குலோனோலாக்டோனில் கார்பன் 6, ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் 6. வைட்டமின் சியில் கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. ஆக்சிஜன் ஒன்றுகூடக் கூடவில்லை! குறைந்துபோனவை இரண்டு ஹைட்ரஜன்கள். அவற்றைப் பறித்து, காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனிடம் சேர்க்கிறது நொதி. ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஆக்சிஜன் இங்கே வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே. வேறொரு மூலக்கூறு வாங்கிக்கொண்டால் அந்த நொதிக்கு டிஹைட்ரஜனேஸ் என்று பெயர், ஹைட்ரஜன் நீக்கி.

என்சைமுக்கு 'நொதி' என்பது அருமையான பொருத்தம். என்சைம் என்ற கிரேக்கச் சொல்லுக்குள் இருப்பது புளித்த மாவு. நொதித்தலும் அதே புளிப்பு, அதே நுரை. இலங்கையில் நொதியம் என்பார்கள்.

ஆகவே 'குலோனோலாக்டோன் ஆக்சிஜனேற்ற நொதி' என்றே எழுதலாம். பாடநூலில் வரும்போது மேலே சொன்ன கணக்கையும் பக்கத்தில் போட்டுவிட வேண்டும்.

அப்புறம், மனித ஈரலில் இந்த நொதி கிடையாது. அதற்கான மரபணு சிதைந்துபோய், 8ஆம் குரோமோசோமில் இன்னும் கிடக்கிறது. நெல்லிக்காய் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது.