சாவிக்கொத்துக்குக் கிடைத்த நல்ல பெயர்

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, மணி பதினொன்று இருக்கும். ஒன்றரை வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி கிளினிக்குக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே பையனின் அம்மா, அழுதபடி. பையன் அதற்குள் விழித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் சிணுங்கினான், எனக்கு நிம்மதி. உடம்பு கொதித்தது. உள்ளங்கையில் பீரோ சாவிக்கொத்து ஒன்றைத் திணித்திருந்தார்கள்.

"வெட்டி வெட்டி இழுத்துச்சு டாக்டர். சாவியைத் தேடி எடுத்துக் கையில குடுத்தேன், சட்டுனு நின்னுடுச்சு."

நின்றது உண்மை. ஆனால் பையனின் உதட்டோரம் ரத்தம் கசிந்தது. பல்லைக் கட்டிக்கொண்டான் என்று வீட்டில் யாரோ அதே சாவியை வாய்க்குள்ளும் நுழைத்திருக்கிறார்கள்.

இது காய்ச்சலில் வரும் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெற்றவர்களுக்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். பதறிக்கொண்டு சாவியைத் தேடி, கண்டுபிடித்து, விறைத்த விரல்களைப் பிரித்துக் கையில் வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதே இரண்டு மூன்று நிமிடம்தான். வலிப்பு போகிற நேரத்தில் சாவி வந்து சேர்கிறது, பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது.

குழந்தை மருத்துவனாக இருபது வருடம் ஆகிறது. வீடுகளில் 'பலிக்கிறது' என்று சொல்லப்படும் பலவற்றுக்குப் பின்னால் இந்தச் சாவிக் கணக்குத்தான் இருக்கிறது. பொன்னுக்கு வீங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். அது வைரஸ் நோய், சங்கிலி போடாத பிள்ளைக்கும் அதே பத்து நாளில்தான் வடியும். போடாமல் விட்டுப் பார்த்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை, அதனால் தங்கத்தின் மகிமை தலைமுறை தாண்டி நிற்கிறது. இதனால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. சங்கிலி பத்திரம் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை விஷயம் அப்படி இல்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமன் நேராக முகத்தைப் பார்க்காமல் முதலில் எண்ணெயில் நிழலாகப் பார்க்க வேண்டும் என்று பரிகாரமும் உண்டு. பிறக்கும் குழந்தைகளில் நான்கைந்துக்கு ஒன்று கொடி சுற்றித்தான் பிறக்கிறது. சொன்னது மெய்யென்றால் தமிழ்நாட்டில் காது குத்துக்கு மடியில் உட்கார வைக்க மாமன்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் தங்கைக்கு ரத்தம் தேவைப்பட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு, அவர் அம்மா தடுத்தார் என்று உள்ளே வராமலே திரும்பிப் போன ஓர் அண்ணனை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு அப்போது வயது ஒரு நாள். அதற்குள் அதன்மேல் ஒரு பழி.

இப்போது புதிதாக வேறொரு தொல்லை. முன்பெல்லாம் "பெரியவங்க சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் 'அறிவியல் காரணம்' வந்துவிடுகிறது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது, பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை மூளைக்கு இழுக்கும் என்று ஓர் இன்ஜினியர் அப்பா எனக்கே பாடம் எடுத்தார். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி போன்ற இரும்பு அல்ல, ஹீமோகுளோபினுக்குள் கட்டுண்டு கிடப்பது, காந்தம் அதை அப்படி இழுக்காது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் சாதாரணமாக 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து காபி குடிக்கப் போகிறார்கள். வடக்கே தலை வைக்க மனம் ஒப்பவில்லையா, சரி, வைக்காதீர்கள். காந்தத்தை எதற்கு இழுக்கிறீர்கள்?

எனக்கு இதில் ஒரே ஓர் அளவுகோல்தான். அந்த நம்பிக்கை எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது, யார் தலையில் பழியைப் போடுகிறது? இரண்டும் இல்லையென்றால் நான் வாயைத் திறப்பதில்லை. என் கிளினிக்கையே அம்மா பார்த்துக் கொடுத்த நேரத்தில்தான் திறந்தேன், ஒரு மணி நேரத் தாமதத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆனால் நேரத்தைத் தின்றால் சும்மா இருக்க முடியாது. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு லேசாக மஞ்சள் தெரிந்தது, வெள்ளிக்கிழமை காலை அவசியம் கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பச்சைப்பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்றார்களாம். சனிக்கிழமை அஷ்டமி. ஞாயிற்றுக்கிழமை நவமி. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். ஒன்பதேகாலுக்கு வந்தார்கள். மஞ்சள் உள்ளங்கால்வரை இறங்கியிருந்தது, குழந்தை பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் சரியாக எழவில்லை. ரத்தத்தில் மஞ்சளை உண்டாக்கும் பிலிரூபின் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் மூளையில் படிந்து காது கேட்காமல் போகலாம், கை கால் முடங்கலாம். ரத்தம் மாற்ற ஏற்பாடு செய்துகொண்டே நீல விளக்கின் கீழ் வைத்தோம். நல்லவேளையாக மாற்றாமலே இறங்கியது. வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் ஒரு நாள் விளக்கோடு போயிருக்கும்.

அந்த ராகுகாலக் கணக்குமே சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகல் பொழுதை எட்டாகப் பிரிப்பது. காலண்டரில் அச்சிடுவது சூரியன் தினமும் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு. ஜனவரியில் நம் பக்கம் ஆறரைக்குத்தான் உதிக்கிறது. ஆக, நம்புகிறவர்கள்கூட தவறான ஒன்றரை மணி நேரத்தைத்தான் தவிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

கோபம் வராத ஒரு வழியை என் பெரியம்மாதான் காட்டினார். அவர் தேவாரம் ஓதுகிறவர். மதுரைக்குக் கிளம்பிய சம்பந்தரிடம், கோள்நிலை சரியில்லை, போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது பாடியதுதானே கோளறு பதிகம்? ஞாயிறு தொடங்கிச் சனி வரை எல்லா நாளும், ராகு கேது என்கிற பாம்பு இரண்டும் சேர்த்து, அடியாருக்கு நல்லவையே என்று பாடிவிட்டு அவர் புறப்பட்டுவிட்டார். இப்போது பூஜையறை உள்ள வீட்டுப் பாட்டிகளிடம் நான் பிலிரூபினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறேன்: "தினமும் கோளறு பதிகம் படிக்கிறீங்களே பாட்டி, அப்புறம் ராகுகாலத்துக்கு ஏன் பயப்படுறீங்க?" பாதிப் பேர் சிரித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

அம்மை போட்ட வீட்டிலும் நான் வேப்பிலையோடு சண்டைக்குப் போவதில்லை. வாசலில் கொத்துச் செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார், தொற்று பரவாமலிருக்க அது நல்லதுதான். ஆனால் "ஆத்தா விளையாடுறா, ஊசி மருந்து ஆகாது" என்று காத்திருப்பதுதான் ஆபத்து. பெரியம்மை இருந்த காலத்தில் மருந்து கிடையாது, காத்திருந்தார்கள். அந்த நோயே உலகத்தில் ஒழிந்துவிட்டது என்று 1980-ல் அறிவித்தாகிவிட்டது. இன்றைக்கு வருவது சின்னம்மை, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கொப்புளத்தில் சீழ் பிடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சுருண்டு சுருண்டு தூங்கினாலோ மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பொறுக்காதீர்கள். ஆஸ்பிரின் மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

பட்சி தோஷம் என்று பச்சையாக வயிற்றாலே போகும் குழந்தைக்குக் கயிறு கட்டுவதும் இதே கதை. கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே கட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

அந்தச் சாவிப் பாட்டியிடமும் அன்றைக்குச் சண்டை போடவில்லை. இப்படி ஒருமுறை வந்த பிள்ளைகளில் பத்துக்கு மூன்று பேருக்கு மறுபடி வரும் என்பதால் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் சாவி, ஸ்பூன், தண்ணீர் எதுவும் போகக் கூடாது, பிடித்து அமுக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள் என்றேன். "சாவி?" என்று கேட்டார். கையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. குரலில் பதற்றம் இருந்தது, ஆனால் அழுகை இல்லை.

"திரும்ப வந்துச்சு டாக்டர். ஒருக்களிச்சுப் போட்டேன். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. இப்ப முழிச்சுப் பாக்குறான், கூட்டிட்டு வந்துட்டிருக்கோம்."

சாவி கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"தேடினேன். கிடைக்கிறதுக்குள்ள நின்னுடுச்சு."