சிலிண்டர் ஒன்றுக்கு எத்தனை கன மீட்டர்?

திருவொற்றியூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா குழாய் எரிவாயுவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். “சிலிண்டரில் 14.2 கிலோ என்று போட்டிருக்கிறது. குழாயில் வருவதைக் கன மீட்டரில் அளப்பார்களாம். கிலோவுக்கும் கன மீட்டருக்கும் என்ன கணக்கு, தம்பி?” என்று கேட்டார். எனக்கு மிகவும் பிடித்துப்போன கேள்வி இது. அரிசியை வேகவைப்பது எடையும் அல்ல, கன அளவும் அல்ல, வெப்பம். இரண்டிலும் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும்.

சிக்கல் என்னவென்றால், இயற்கை எரிவாயு என்பது ஒரே பொருள் அல்ல. எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் 2019இல் இந்தியன் ஆயிலின் முனையம் செயல்படத் தொடங்கியது. மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து திரவமான எரிவாயு அங்கே கப்பலில் வந்து இறங்குகிறது. அதை மீண்டும் வாயுவாக்கிக் குழாய்களில் அனுப்புகிறார்கள். அதில் பெரும்பங்கு மீத்தேன். கொஞ்சம் ஈத்தேன், அதைவிடக் குறைவாகப் புரொப்பேன், எரியாத நைட்ரஜன் சிறிதளவு. எந்த நாட்டு வயலிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். தொட்டியில் சில நாள் கிடந்தாலே மாறும். குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் நைட்ரஜனும் மீத்தேனும் முதலில் ஆவியாகிப் போக, மிச்சத்தில் கனமான வாயுக்களின் பங்கு கூடிவிடும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் எரித்துப் பார்த்துத்தான் வெப்பத்தை அளக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு வேதிவினையில் வெளிப்படும் வெப்பம் தொடக்கநிலையையும் முடிவுநிலையையும் மட்டுமே பொறுத்தது, இடையில் சென்ற வழியைப் பொறுத்தது அல்ல என்று 1840இல் ஜெர்மைன் ஹெஸ் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். மீத்தேன் தனியாக எரிந்தாலும் ஈத்தேனோடு கலந்து எரிந்தாலும் கடைசியில் கரியமில வாயுவும் நீரும்தான். எனவே ஒவ்வொரு வாயுவின் வெப்பத்தையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் போதும்.

தூய வாயு ஒவ்வொன்றுக்கும் ஆய்வகத்தில் அளந்த மதிப்புகள் இருக்கின்றன. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; எந்த வாயுவானாலும் ஒரு மோலில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு மோல் மீத்தேன் எரிந்தால் சுமார் 890.6 கிலோஜூல், ஈத்தேன் 1560.7, புரொப்பேன் 2219.2, பியூட்டேன் 2877.4. இந்த வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். ஈத்தேனிலிருந்து புரொப்பேனுக்கு 658.5 கூடுகிறது, புரொப்பேனிலிருந்து பியூட்டேனுக்கு 658.2. சங்கிலியில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம் சேர்கிறது. பூச்சரத்தில் ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்துக் கட்டுவதுபோல் மூலக்கூறு வளர்வதை எண்களிலேயே பார்க்க முடிகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கலவை: மீத்தேன் 92 சதவீதம், ஈத்தேன் 5, புரொப்பேன் 2, நைட்ரஜன் 1. மீத்தேன் தருவது 819.4, ஈத்தேன் 78.0, புரொப்பேன் 44.4, நைட்ரஜன் பூஜ்யம். கூட்டினால் மோலுக்கு 941.8 கிலோஜூல். வெறும் 2 சதவீதமே இருக்கும் புரொப்பேன், வெப்பத்தில் 5 சதவீதத்துக்கு அருகில் தருகிறது.

பங்குகளைக் கண்டறிவது கேஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவி. ஹீலியம் ஓட்டத்தில் சிறு மாதிரியைச் செலுத்தி, மெல்லிய நீண்ட குழல் வழியாக அனுப்புகிறார்கள். குழலுக்குள் இருக்கும் பொருள் ஒவ்வொரு வாயுவையும் ஒவ்வோர் அளவு பிடித்து நிறுத்துவதால், அவை முன்னும் பின்னுமாக வெளியே வருகின்றன. வரும் நேரம் எந்த வாயு என்று சொல்லும். உணரி வரைபடத்தில் காட்டும் முகட்டின் பரப்பு, அந்த வாயு எவ்வளவு என்று சொல்லும்.

இனி மோலைக் கன மீட்டராக்க வேண்டும். இங்கே சென்னை வெயில் குறுக்கிடுகிறது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டரில் இருக்கும் வாயுவைவிட, அதே அழுத்தத்தில் 35 டிகிரியில் ஒரு கன மீட்டரில் இருப்பது ஆறரை சதவீதம் குறைவு. ஆகவே 15 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம் என்று நிலையை முதலில் நிறுத்திக்கொள்கிறோம். அந்நிலையில் ஒரு மோல் வாயு 23.645 லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு கன மீட்டரில் 42.29 மோல். 941.8ஐ அதனால் பெருக்கி, ஆயிரம் கிலோஜூலை ஒரு மெகாஜூலாகக் கொண்டால், கன மீட்டருக்கு 39.8 மெகாஜூல். உண்மையான வாயு, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காது என்று கணக்குக்காகக் கொள்ளும் இலட்சிய வாயுவைவிட மிகச் சிறிதளவு நெருங்கி இருக்கும் என்பதற்கான திருத்தம் கால் சதவீதம் அளவே என்பதால் வீட்டுக் கணக்கில் அதை விட்டுவிடலாம். தூய மீத்தேனாக இருந்தால் இந்த மதிப்பு 37.7தான்.

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். கிலோவுக்கு முதலாவது 50.3 மெகாஜூல், இரண்டாவது 49.5, ஐம்பது என்று கொள்வோம். 14.2 கிலோவுக்கு 710. அதை 39.8ஆல் வகுத்தால் 17.8 கன மீட்டர்.

ஆனால் இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன வெப்பம் முழுவதும் கிடைக்க வேண்டுமானால், எரிவதால் உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராக வேண்டும். நம் அடுப்பில் அது நடப்பதில்லை. ஒரு மோல் நீராவி 44 கிலோஜூலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. அதைக் கழித்தால் கிடைப்பதே நிகரக் கலோரி மதிப்பு. மீத்தேனில் ஹைட்ரஜன் பங்கு அதிகம், நீரும் அதிகம், இழப்பு சுமார் 10 சதவீதம். புரொப்பேனில் 8. நம் கலவையின் நிகர மதிப்பு கன மீட்டருக்கு 36.0 மெகாஜூல், சிலிண்டர் வாயுவினுடையது கிலோவுக்கு ஏறத்தாழ 46. மறுபடி வகுத்தால் 18.1 கன மீட்டர் வருகிறது.

அக்காவிடம் 18 என்று சொன்னேன்; வரும் வாயு வெறும் மீத்தேனாக இருந்தால் 19 ஆகும் என்றும் சொன்னேன். “அப்படியானால் மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே என்ன வருகிறது என்றும் கேட்க வேண்டும்” என்றார். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டார்.