வரிசையின் கடைசி ஆள்

தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகள் வரிசையாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் லாரி ஒரு வளைவில் கியரைக் குறைக்கும். அடுத்தது இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கும். பத்தாவது லாரி நின்றே போகும். முதல் லாரி வளைவு தாண்டி வேகமெடுக்கும்போது பத்தாவது இன்னும் கிளம்பியிருக்காது. காட்டுக்குள் மலையேறும் மனிதர்களின் வரிசையும் இப்படித்தான் நீள்கிறது. காட்டில் நேரும் சங்கடங்களில் பலவற்றுக்கு இந்த நீட்சிதான் வேர்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மேலகிரி மலையில் 12 பேர் ஏறுகிறார்கள். வழியில் கையை ஊன்றி ஏறவேண்டிய ஒரு பாறை. ஆளுக்கு 20 நொடி ஆகிறது. பன்னிரண்டாவது ஆள் பாறை மேல் நிற்கும்போது முதல் ஆள் அதைக் கடந்து 220 நொடி ஆகியிருக்கும். அவர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்துகொண்டே இருந்தால் ஏறக்குறைய 245 மீட்டர் முன்னே போயிருப்பார். இத்தனைக்கும் யாரும் சோம்பவில்லை, யாரும் தவறாக நடக்கவில்லை. ஒரே ஒரு பாறை செய்த வேலை இது.

அடுத்து நடப்பதுதான் மோசம். பின்னால் இருப்பவர் இடைவெளியை மூட ஓட்டமும் நடையுமாக வருகிறார். முன்னால் போனவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூச்சு வாங்க இவர் வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஆக, ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை. நாள் முழுக்க இது தொடர்ந்தால் மாலையில் கால் பிசகுவதும் மயங்குவதும் அவராகத்தான் இருக்கும். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்துதான் ஓய்வு நேரத்தை எண்ண வேண்டும்.

இடைஞ்சலான இடத்தைத் தாண்டியதும் முதல் ஆள் முப்பது அடி நடந்து நின்றுவிட வேண்டும். கடைசி ஆள் தாண்டிவிட்டார் என்ற சேதி கைமாறி வந்த பிறகே நகர வேண்டும். மெதுவாக நடப்பவரை இரண்டாவது இடத்தில் விட்டால் அவருடைய நடையே வரிசையின் நடையாகிவிடும். எல்லோரிலும் வலுவானவர் முன்னால் போகத் துடிப்பார். அவர் இருக்கவேண்டிய இடம் கடைசி. ஆடு மேய்ப்பவர் மந்தைக்குப் பின்னால் வருவதுபோல, யாரும் தன்னைவிடப் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதலுதவிப் பையும் அவரிடமே இருக்கட்டும். அடிபடுபவர் பெரும்பாலும் அவருக்கு முன்னால்தான் இருப்பார், பையோடு யாரும் திரும்பி ஓடிவர வேண்டியதில்லை.

கிளம்புமுன் ஆளுக்கொரு எண் கொடுங்கள். தலைகளை எண்ணினால் ஒருவர் குறைகிறார் என்று மட்டுமே தெரியும். எண்களை வரிசையாகச் சொல்லவைத்தால் விடுபட்டவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். யானை நடமாடும் இடத்தில் கூவ முடியாது. அங்கே கடைசி ஆள் தன் முன்னால் இருப்பவரின் தோளைத் தொட, அந்தத் தொடுகை ஒவ்வொருவராக முன்னே போகட்டும். முதல் ஆளுக்குத் தொடுகை வந்து சேரவில்லை என்றால் வரிசை எங்கோ அறுந்திருக்கிறது.

பின்தங்கி ஓடி வருபவரின் உடம்பில் என்ன நடக்கிறது? ஏற்றத்தில் நடக்கும் உடல் சுமார் 400 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, நான்கு பழைய குண்டு பல்புகள் எரிவதுபோல. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 400 வாட்டை இறக்க மணிக்கு 600 மில்லி வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்ச்சி தருவதில்லை, நீர்தான் வீணாகும். தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் காற்றும் நம்மைச் சூடாக்கத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரிச் சமவெளி 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெயில் குடித்த கரடும் பாறையும் கீழிருந்து வேறு கனலும். ஓட்டம் பிடித்தால் வெப்ப உற்பத்தி மளமளவென்று ஏறிவிடும், வியர்வையால் ஈடுகொடுக்க முடியாது.

ஆறு மணி நேர நடைக்கு ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை ஒரே மூச்சில் குடிக்காமல் கால் மணிக்கொரு தரம் நான்கைந்து வாய் குடிப்பது நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ஆபத்து உண்டு. வியர்வையோடு போன உப்பு திரும்பாததால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும், முற்றினால் வலிப்புகூட வரலாம். இந்த ஊர்க்காரர்கள் வெயிலில் வேலைக்குப் போகுமுன் உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிப்பது இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடிவிடக் கூடாது.

தலை சுற்றுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உப்புச் சர்க்கரை நீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். அவருடைய எண்ணைக் கேட்டால் தப்பாகச் சொல்கிறார், தள்ளாடுகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அது வெப்பத்தாக்கம். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். உழைப்பால் வருவதில் தோல் நனைந்தே இருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு முக்கியம். முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டியெல்லாம் அதற்குப் பிறகுதான். இருக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, துண்டால் விடாமல் விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குளிர்விப்பது ஒருபக்கம் நடக்கும்போதே இன்னொருவர் 108-க்குப் பேசட்டும்.

இத்தனையையும் தவிர்க்க விடியலில் கிளம்புவதே சிறந்த வழி. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கும்: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 5 கி.மீ. நடந்து 450 மீட்டர் ஏற வேண்டுமானால் ஒன்றே முக்கால் மணி. அது ஸ்காட்லாந்துக் குளிரில், பழகிய கால்களுக்கு. நம் வெயிலில் புதியவர்கள் உள்ள குழுவுக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் 2 மணி 40 நிமிடம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 8.40-க்கு உச்சி. 9.30 ஆகியும் உச்சி வரவில்லை என்றால் நின்ற இடத்திலிருந்தே திரும்புவது என்று கீழேயே முடிவுசெய்துவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கிற முடிவு சரியாக இருப்பதில்லை.

யானைக்கு வருவோம். காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களை ஒட்டிய தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகள் யானைகளின் வலசைப் பாதைகள். கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகப் பக்கமிருந்து கூட்டங்கள் வரும். உண்ணிச்செடிப் புதர் மண்டிய வளைவில் இருபதடிக்கு அப்பால் நிற்கும் யானைகூடத் தெரியாது. நீண்டுபோன வரிசையில் முதல் ஐந்து பேர் கடந்துவிட்ட பிறகு யானை பாதைக்கு வந்தால் குழு இரண்டாக வெட்டப்படும். பின்னால் வருபவர்களோ முன்னே போனவர்களைப் பிடிக்கும் அவசரத்தில் நேரே அதன்மேல் போய் விழுவார்கள். யானைக்குப் பார்வை மந்தம், மோப்பம் அபாரம். நம் வாடை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய, ஒரு கைப்பிடி மண்ணை உதிர்த்துக் காற்று போகும் திசையைப் பாருங்கள். சூடு ஆறாத யானைச் சாணம், ஈரம் காயாத முறிகிளை, வயிற்று உறுமல் எதைக் கண்டாலும் கேட்டாலும் மொத்த வரிசையும் ஒன்றாக வந்த வழியே திரும்ப வேண்டும். யானை மணிக்கு 25 கி.மீ. வரை ஓடும். முள்ளும் கல்லும் நிறைந்த பாதையில் நம்மால் முடியாது. அனுமதி பெற்று, தடம் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலரோடு மட்டுமே இங்கே நடக்கவேண்டியதன் காரணம் இதுதான்.

காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் சரிவில் போகவே வேண்டாம். மேல்நோக்கி எரியும் தீயின் நாக்கு அடுத்த புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால் ஏற்றத்தில் தீ மனிதரைவிட வேகமாக ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபோது நடந்தது அதுதான். அதன்பிறகே மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தார்கள்.

வரிசை நெருங்கியிருக்க வேண்டும் என்ற பேச்சு ஒரே ஒரு சமயத்தில் தலைகீழாகும். கோடை இடிமழை மதியத்துக்குமேல் கூடும். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கி.மீ. வர மூன்று நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. முகட்டையும் மொட்டைப் பாறையையும் தனி மரத்தையும் பாறைக் குடைவையும் விட்டுத் தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். தரையில் பாயும் மின்சாரம் ஒட்டி நிற்கும் எல்லோரையும் ஒன்றாக வீழ்த்தும். ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது விலகி இருந்தால், அடிபட்டவரின் நெஞ்சை அழுத்த அடிபடாத ஒருவர் மிஞ்சுவார். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தயங்காமல் தொடலாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

அந்த மழை ஓடையிலும் வந்து சேரும். ஒகேனக்கல்லில் காவிரியோடு சேரும் சின்னாறு போன்ற காட்டாறுகள், நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருந்தாலும் மேல்மலை மழையில் பெருகிவிடும். தெளிந்த நீர் கலங்குவதும் சருகு மிதந்து வருவதும் முன்னறிவிப்பு. நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் இறங்காதீர்கள். காவிரிக்கு, அது தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தைப் பாருங்கள். வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் விடவும் தடை போட்டால் அதை மீற வேண்டாம்.

இறங்கி வந்து வண்டியில் ஏறியதும் 1 முதல் 12 வரை எண்களைச் சொல்லவையுங்கள். பிறகு, காலையில் பாதையையும் பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு ஒரு போன். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் எத்தனை மணிவரை போன் வராவிட்டால் அவர் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். நண்பகலில் இறங்கிவிடும் திட்டமானால் மாலை 3 மணி என்று எழுதலாம், இருட்டுவதற்கு முன் தேட மூன்று மணி நேர வெளிச்சம் இருக்கும்.